தலையெழுத்தும் சுவடிக் கயிறும்

நம் வீடுகளில் ஒரு பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டதெனின், சுற்றத்தார் வாயினின்று முதற்கண் எழுஞ் சொல் பெரும்பாலும் 'தலையெழுத்து' என்பதேயாம். கல்வி கற்றோர் சிலர் அச்சொல்லைக் கூற நாணி, 'மரபணுவில் அவ்வாறு எழுதியிருக்கிறது' என்பர். சொல் வேறாயினும் கருத்து ஒன்றே. எழுதியது எழுதியபடியே நடக்கும்; அதனை மாற்றுவார் இலர்; ஆகலின் நாம் செய்யத்தக்கது யாதுமில்லை என்பதே இருசாராரும் கருதுவது. இக்கருத்துப் பிழையுடையது, பிழையுடையது மட்டுமன்று, உயிர்க்கு இறுதி பயப்பதுமாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு உயிர்நூலில் என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு யாம் கூறும் விடை இது: எழுத்து, ஏடு, படிப்பு என்னும் மூன்றும் எம் துறைக்கு உரியன. இந்நோயைக் குறித்து அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து கண்ட உண்மைகளின் நடுவே நிற்பனவும் இம்மூன்றேயாம். மேலும், நோயுற்ற தாய்மார்க்கு அவ்வுண்மைகள் சென்று சேர வேண்டிய மொழி தமிழாயிருக்க, அதனைப் பயில்வோர் வாய்வாளாதிருத்தல் முறையன்று.

இந்நோயின் பெருக்கத்தை முதலிற் காண்போம். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 23 லட்சம் பெண்டிர்க்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் அதனால் மாண்டனர். இந்தியாவில் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெற்றுள்ளது; அதே ஆண்டில் இங்குப் புதிதாக நோய் கண்டோர் ஏறத்தாழ 1,92,000 பேர். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் தொகுதி என்பர் மருத்துவர். அத்தொகுதியுள் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனின் தூண்டுதலால் வளர்வன. அவ்வெழுபதைப் பற்றியே யாம் ஈண்டுப் பேசுகின்றோம்.

சூலகத்திற்கும் மார்பகப் புற்றுக்கும் தொடர்புண்டு என்பதை முதலிற் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். கறவை மாட்டின் சூலகத்தை நீக்கினால் அது பால் தருங் காலம் நீளும் என்று உழவர் சிலர் கண்டிருந்த செய்தியை அவர் அறிந்து சிந்தித்தார். பின்னர், நோய் முற்றிய பெண்டிரின் சூலகங்களை அறுத்து நீக்கியபோது கட்டிகள் சுருங்கினமை கண்டு, அதனை 1896-இல் வெளியிட்டார். 'ஹார்மோன்' என்னும் சொல்லே அப்போது பிறந்திலது. அது 1905-இல் தோன்றியது. பெயரறியாத ஒன்றை வென்ற பெருமை பீட்சனுக்கு உரியதாயிற்று. எனினும் அவர் முறையாற் பயன் பெற்றோர் மூவருள் ஒருவரே. ஏனைய இருவர்க்கும் அது பயன்படாமை ஏன் என்பதை அறிவார் நெடுங்காலம் இலர்.

அதற்கு விடை காணும் வழியைத் திறந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து எல்வுட் ஜென்சன். 1950-களின் இறுதியில் அவர் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்கு ஊட்டி, அது எங்குச் செல்கின்றது என நோக்கினார். கருப்பை முதலிய சில உறுப்புக்கள் அதனைப் பற்றி நிறுத்திக்கொண்டன. ஏனைய உறுப்புக்கள் போகவிட்டன. பற்றி நிறுத்தும் புரதம் ஒன்று அவ்வுறுப்புக்களின் உயிரணுக்களில் இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஒரு பெண்மணியின் கட்டியில் இவ்வேற்பி உளதேல் ஹார்மோனைத் தடுக்கும் மருத்துவம் பயன்தரும். இலதேல் பயன் அரிது. மூவருள் ஒருவர் என்னும் புதிர் ஒருவாறு அவிழ்ந்தது.

ஒருவாறு என்றது ஏனெனின், அதனினும் பெரிய புதிர் ஒன்று எஞ்சி நின்றமையால் என்க. ஒருவருடைய உடம்பில் உள்ள உயிரணுக்களெல்லாம் ஏறக்குறைய ஒரே மரபெழுத்தைத் தாங்கியுள்ளன. எலும்பிலுள்ள உயிரணுவும், கருப்பையிலுள்ளதும், மார்பகத்திலுள்ளதும் ஒரே நூலின் படிகளே. ஹார்மோனும் ஒன்று, ஏற்பியும் ஒன்று. அங்ஙனமாயின் அவ்வேற்பி மார்பகத்தில் ஒருவகை மரபணுக்களையும் கருப்பையில் வேறுவகை மரபணுக்களையும் எழுப்புவது எவ்வாறு? எழுத்து ஒன்றாயிருக்கப் பொருள் பலவாவது எங்ஙனம்? இங்கேதான் தலையெழுத்துக் கொள்கை இடறி வீழ்கின்றது.

விடை, எழுத்தில் இல்லை. எழுத்து கட்டப்பட்டிருக்கும் முறையில் உள்ளது. ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் அவற்றின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அவை அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு கூறு. இவ்வளவு நீண்ட இழை அவ்வளவு சிறிய அறையில் சிக்குறாமல் அடங்குதற்கு அதனைச் சுற்றிவைக்கும் புரதங்கள் வேண்டும். அப்புரதங்களும் டி.என்.ஏ.யும் சேர்ந்த தொகுதிக்கே குரோமாட்டின் என்று பெயர். உருப்பெருக்கியின்கீழ்ச் சாயத்தை நன்கு பற்றியமையால் ஜெர்மானிய அறிஞர் வால்டர் பிளெமிங் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பெயரை இட்டார். 1884-இல் ஆல்பிரெக்ட் கோசல் அதனின்று பிரித்தெடுத்த புரதங்கள் ஹிஸ்டோன் எனப் பெயர் பெற்றன. 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இக்கட்டின் அமைப்பை விளக்கினார். 1997-இல் சூரிச் நகரத்து அறிஞர்கள் அதன் வடிவத்தை நுட்பமாக வரைந்து காட்டினர். எட்டு ஹிஸ்டோன்கள் கூடிய ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்திணைகள் கொண்ட இழை ஏறக்குறைய ஒன்றேமுக்காற் சுற்று. இவ்வாறு உருளைகள் கோடிக்கணக்கில், நூலிற் கோத்த மணிகள் போல வரிசைப்பட்டு நிற்கின்றன.

ஏட்டுச்சுவடியைக் கண்ட தமிழ் மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஓலைகளை அடுக்கி, இருபுறமும் பலகை வைத்து, துளையிற் கயிறு கோத்து இறுகக் கட்டிவிட்டால், உள்ளே எத்துணை அரிய நூல் இருப்பினும் கயிற்றை அவிழ்த்தாலன்றி ஓரெழுத்தும் படிக்க இயலாது. சீவகசிந்தாமணி 1887-இல் முழுநூலாக அச்சேறுதற்கு முன்னும் அதன் எழுத்துக்கள் ஓலையில் இருந்தனவே! இருந்தும், கற்க விரும்பினார் பலர்க்கு அவை இல்லாதனவே போன்றன. எழுதப்பட்டிருத்தல் வேறு, படிக்கப்படுதல் வேறு. ஹிஸ்டோன்களைச் சுற்றி இறுகிய இழையிலுள்ள மரபணுவும் அத்தகையதே. அஃது உள்ளது, ஆயின் பேசுவதில்லை.

ஹிஸ்டோன்களை வெறும் நூற்சுருள் உருளைகளென்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். 1964-இல் வின்சென்ட் ஆல்பிரே என்பார், ஹிஸ்டோன்களில் அசெட்டில் என்னும் சிறு வேதிக்கூறு ஏறும்போது மரபணுவைப் படிக்கும் தொழில் மிகுகின்றது எனக் கண்டார். முப்பதாண்டுகள் கடந்து, 1996-இல், அக்கூற்றை ஏற்றும் நொதி ஒன்றும் இறக்கும் நொதி ஒன்றும் கண்டறியப்பட்டன. ஏற்றினால் கட்டுத் தளரும், இறக்கினால் இறுகும். இவையேயன்றி மெத்தில் என்னும் குறிகளும், உருளைகளை இடம்பெயர்த்து வழிவிடும் புரதக் கூட்டங்களும் உள. சுருங்கக் கூறின், உட்கருவினுள் கயிறு கட்டுவாரும் அவிழ்ப்பாரும் ஓயாது தொழில் செய்கின்றனர்.

இனி மார்பகப் புற்றுக்கு வருவோம். 2005-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மைல்ஸ் பிரவுன் என்பாரின் ஆய்வுக்கூடத்தார், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி டி.என்.ஏ.யில் எவ்வெவ்விடங்களிற் சென்று அமர்கின்றது என்பதை 21, 22 ஆம் குரோமோசோம்கள் முழுமையும் தேடிப் பார்த்தனர். மரபணுவின் வாயிலில் அஃது அமரும் என்பதே அதுகாறும் பெரும்பாலோர் எதிர்பார்த்தது. கண்டதோ வேறு. பெரும்பாலான இடங்கள் வாயிலினின்று நெடுந்தொலைவில் இருந்தன. அவ்விடங்களுக்கு அருகில் மற்றொரு புரதம் அமர்தற்குரிய எழுத்துத் தொடர் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அப்புரதத்தின் பெயர் ஃபாக்ஸ் ஏ1. உயிரணுக்களில் அதனைக் குறைத்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அவ்விடங்களிற் சென்று அமர இயலாது போயிற்று. ஹார்மோன் இருந்தும் மரபணுக்கள் எழவில்லை. 2011-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் மரபெழுத்து முழுமையும் ஆராய்ந்தவர்கள், ஏற்பி அமரும் இடங்களுட் பெரும்பாலானவை ஃபாக்ஸ் ஏ1-ஐ நம்பியே உள்ளன என்று காட்டினர்.

ஃபாக்ஸ் ஏ1 செய்வது யாது? ஏனைய புரதங்கள் பல, அவிழ்த்து வைத்த ஏட்டையே படிக்க வல்லன. இஃதோ கட்டியிருக்கும் சுவடியிலேயே கை வைக்க வல்லது. இவ்வினப் புரதங்களின் டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதி, இழையை உருளையோடு இறுக்கிப் பிடிக்கும் ஹிஸ்டோன் ஒன்றின் வடிவை ஒத்திருத்தல் 1993-இல் காணப்பட்டது. கயிற்றைப்போல வடிவெடுத்து வந்து கயிற்றின் இடத்தைப் பற்றிக்கொள்வது எனக் கூறலாம். ஆதலின் இதனை 'முன்னோடிப் புரதம்' என்பர். காடு வெட்டி வழி செய்வோன் முன்னே செல்ல, அவ்வழியே வண்டி பின்னே செல்வது போல, ஃபாக்ஸ் ஏ1 முற்செல்ல ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பின் வந்து அமர்கின்றது. அம்முன்னோடியும் தன் விருப்பப்படி எங்கும் செல்வதில்லை. ஹிஸ்டோன்களில் மெத்தில் குறி அமைந்த இடங்களையே அது பெரிதும் நாடுகின்றது என 2008-இல் அறியப்பட்டது. அக்குறிகள் மார்பகத்தில் ஓரிடத்தும் ஆடவர்க்குரிய புராஸ்டேட் சுரப்பியில் வேறிடத்தும் அமைந்துள்ளன. ஆகலின் ஒரே முன்னோடி இங்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கும் அங்கு ஆண்மை ஹார்மோனின் ஏற்பிக்கும் வழி வகுக்கின்றது. எழுத்து ஒன்றாயிருக்கப் பொருள் பலவாகும் மறைபொருள் இதுவே.

ஏற்பி அமர்ந்தவுடன் தொழில் முடிந்துவிடுவதில்லை. அது துணைப் புரதங்களை அழைக்கின்றது. அவற்றுள் ஒன்று 1997-இல் கண்டறியப்பட்ட ஏ.ஐ.பி.1, மார்பகப் புற்றுக்கள் சிலவற்றில் அதன் மரபணு பன்மடங்காகப் பெருகியிருத்தல் கண்டே அறிஞர் அதனை அறிந்தனர். பி300 என்னும் மற்றொன்று ஹிஸ்டோன்களில் அசெட்டில் குறிகளை ஏற்றிக் கட்டைத் தளர்த்துகின்றது. பின்னரே படிக்கும் நொதி வந்து மரபணுவைப் படிக்கத் தொடங்கும். உயிரணு பெருகுதற்கான ஆணை பிறக்கும். இத்தொழிலும் ஒருமுறை நிகழ்ந்து நிலைத்துவிடுவதன்று. ஏற்பியும் துணைவரும் வருவதும் விலகுவதும் மீண்டும் வருவதுமாகச் சுழல்கின்றனர் என்பதை 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஓதுவார் நாள்தோறும் ஏட்டை அவிழ்த்து ஓதுதல் போல்வது இது. கல்லிற் பொறித்த சாசனம் போல்வதன்று.

இப்பொழுது மருந்தின் தொழில் தெளிவாகும். டமாக்சிபென் என்னும் மாத்திரை 1962-இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் அம்மையாரால் முதன்முதல் ஆக்கப்பட்டது. கருத்தடைக்கென ஆக்கிய அது, அத்தொழிலுக்கு உதவாதாயிற்று. பின்னர் மார்பகப் புற்றுக்கு மருந்தாகி, 1973-இல் பிரிட்டனில் ஏற்கப்பட்டது. அது மரபெழுத்தில் ஒன்றையும் அழிப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய குழியில் தான் அமர்ந்துகொண்டு ஏற்பியின் வடிவைச் சிறிது திருப்பிவிடுகின்றது, அவ்வளவே. அத்திருப்பத்தால், கயிற்றை அவிழ்க்கும் துணைவர் பற்றவேண்டிய இடம் மறைந்துபோகின்றது. அவர்க்கு மாறாகக் கயிற்றை இறுக்குவோர் வந்து கூடுகின்றனர். அசெட்டில் குறிகள் இறங்குகின்றன, சுவடி மூடப்படுகின்றது.

இதே மாத்திரை கருப்பையில் வேறு விதமாக நடக்கின்றது. அங்கு அவிழ்க்கும் துணைவருள் ஒருவர் மிகுதியாக இருத்தலின், சில மரபணுக்களின் கட்டு டமாக்சிபெனாலேயே தளர்கின்றது என 2002-இல் காட்டப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்டிர் சிலர்க்கு இம்மருந்தால் கருப்பைப் புற்று நேரும் வாய்ப்புச் சிறிது மிகுதல் இதனாற் போலும். ஒரே எழுத்து, ஒரே மருந்து. கட்டு வேறாதலின் பயன் வேறு. எழுத்தே எல்லாம் என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

யாம் இவ்வளவு விரித்தது வெறும் அறிவு விருந்திற்காகவன்று. இதிலிருந்து பிறக்கும் கடமை ஒன்று உளது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுடைய புற்றுக் கண்ட பெண்டிர்க்கு, அறுவை முடிந்தபின் டமாக்சிபெனோ, ஈஸ்ட்ரோஜன் உண்டாதலையே தடுக்கும் அரோமடேஸ் தடுப்பு மருந்தோ, குறைந்தது ஐந்தாண்டு நாள்தோறும் உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவர். பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாண்டு டமாக்சிபென் உண்டோர்க்கு முதற் பதினைந்தாண்டுகளில் இந்நோயால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பத்தாண்டு உண்டால் பயன் இன்னும் மிகும் என்பதை 2013-இல் மற்றொரு பெருஞ்சோதனை காட்டியது. இத்துணைப் பயனுடைய மருந்தைப் பெண்டிர் மிகப் பலர் இடையிலே விட்டுவிடுகின்றனர். இக்குறை இங்கு மட்டுமன்று, செல்வ நாடுகளிலும் உள்ளது.

ஏன் விடுகின்றனர்? உடம்பு கொதித்தல், மூட்டு நோதல், உறக்கங் கெடுதல் முதலிய துன்பங்கள் உண்மையே. அவற்றை எளியன என யாம் கூறோம். பணமுடையும் சிலர்க்குக் காரணமாகலாம். ஆயினும் இவற்றோடு ஒன்று உண்டு. கட்டியை அறுத்தாயிற்று, வலியில்லை, கூந்தலும் மீண்டும் வளர்ந்துவிட்டது. இனி மாத்திரை எதற்கு என்னும் எண்ணமே அது. இவ்வெண்ணம் எழுவது இயல்பு. ஏனெனின், 'இதனை விழுங்குக' என்று அத்தாய்க்குச் சொன்னவர் பலர், 'இஃது இன்னது செய்கின்றது' என்று சொன்னவர் சிலர். எழுத்து அழிந்தது என அவள் நம்பினால் மாத்திரை வேண்டா. எழுத்து அழியாது, நடப்பது நடக்கும் என நம்பினாலும் மாத்திரை வேண்டா. இரு நம்பிக்கையும் ஒரே குழியிற் கொண்டுபோய்த் தள்ளுகின்றன. மூன்றாவதாகிய உண்மையை அறிந்தவளே மாத்திரையைக் கைவிடாள். உடம்பில் எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத சில புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றுள் எழுத்தும் முன்னோடியும் ஏற்பியும் இருந்தபடியே இருக்கலாம். மாத்திரை அந்நூலை எரித்துவிடவில்லை, மூடி வைத்திருக்கின்றது. மூடிய கையை எடுத்தால் சுவடி மீண்டும் திறக்கும். துன்பம் பொறுக்கலாகாததாயின் மருத்துவரிடம் உரைத்து மருந்தை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர்க்கும் உரையாது நிறுத்துதல் மட்டும் ஆகாது.

எம் கருத்துக்கு எதிராக இரண்டு தடைகள் கூறப்படலாம். முதலாவது, எழுத்துப் பிழையாலேயே இந்நோய் பெறுவாரும் உளரன்றோ என்பது. உளர். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்கள் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. அவற்றிற் பழுதுடையார்க்கு நோய் வரும் வாய்ப்பு மிகப் பெரிது. ஆயின் பரம்பரைப் பிழையால் நேர்வன மார்பகப் புற்றுக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து முதற் பத்தே. அவர்க்கும் முன்னறிந்து காக்கும் வழிகள் உண்டு. மேலும், புற்றணு வளர வளரப் புதிய பிழைகளை ஈட்டிக்கொள்கின்றது. அரோமடேஸ் தடுப்பு மருந்தை நெடுநாள் உண்டோர் சிலரிடத்து, ஹார்மோன் இன்றியே எழும் வண்ணம் ஏற்பியின் எழுத்தே மாறிவிடுதல் 2013-இல் தெளிவாயிற்று. அத்தகைய ஏற்பியையும் அழிக்கவல்ல எலாசெஸ்டிரண்ட் என்னும் மாத்திரை 2023-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஆகவே எழுத்து ஒன்றுமில்லை என யாம் கூறவில்லை. எழுத்தே எல்லாம் அன்று என்றே கூறுகின்றோம். கட்டுவோரிடத்தும் பழுது நேர்வதுண்டு. உருளைகளை நகர்த்தும் கூட்டத்தைச் சேர்ந்த அரிட் 1ஏ என்னும் புரதத்தை இழந்த புற்றணு, மார்பக அணுவுக்குரிய தன்னியல்பு திரிந்து, ஹார்மோன் மருந்துக்கு அடங்காது போதல் 2020-இல் காட்டப்பட்டது. கட்டின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது தடை எதிர்ப்புறத்திலிருந்து வருவது: கட்டே காரணமாயின், கட்டை மாற்றும் மருந்தால் நோயை இன்றே வேரறுக்கலாமே என்பது. இங்கு யாம் ஆவலை அடக்கிப் பேச விரும்புகின்றோம். அசெட்டில் குறிகளை இறக்கும் நொதியைத் தடுக்கும் என்டினோஸ்டாட் என்னும் மருந்தின்மீது பெரும் நம்பிக்கை இருந்தது. ஹார்மோன் மருந்துக்கு அடங்காத முற்றிய நோயுடைய அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோரிடம் அதனைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டபோது, அஃது ஆயுளை நீட்டவில்லை எனத் தெரிந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த டூசிடினோஸ்டாட் என்னும் மற்றொரு மருந்து, நோய் முன்னேறுதலைச் சிறிது காலம் தடுத்தமையால் 2019-இல் சீன நாட்டில் ஏற்கப்பட்டது. ஒரு சுவடியின் கயிற்றை மட்டும் இறுக்க வேண்டுமிடத்து நூல்நிலையத்திலுள்ள சுவடிகளின் கயிறுகளையெல்லாம் அசைப்பது எளிதன்று, நன்றுமன்று. அறிஞர் தாமே இவ்வாறு அடியளந்து நடக்கும்போது, 'மரபணுவின் சாவியைத் திருப்பும் பொடி', 'எழுத்தை மாற்றும் கஷாயம்' என்று விளம்பரம் செய்வோரை நம்பித் தக்க மருத்துவத்தைக் கைவிடுதல் பேதைமையாகும். தலையெழுத்தை நம்பி வாளாவிருப்பவனும், கண்கட்டு வித்தையை நம்பி ஓடுபவனும் ஒருவனுக்கொருவன் உடன்பிறந்தாரே.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, இந்நோயைப் பேசுமிடத்துத் 'தலையெழுத்து' என்னும் சொல்லையும் அதன் புதுவேடமாகிய 'மரபணு விதி' என்பதையும் நாம் நம் வாயினின்று விலக்கல் வேண்டும். சொல்லுக்கு ஆற்றலுண்டு என்பதைத் தமிழ் மாணவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, மார்பகம் என்னும் சொல்லைக் கூற நாணுதலை ஒழித்தல் வேண்டும். கட்டியை மறைத்து வைத்து மாதங்களைக் கழிக்கும் தாய்மார், நோயினும் நாணத்தாலேயே மிகுதியும் கெடுகின்றனர். மூன்றாவது, உயிர்நூல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி, ஹார்மோன் மாத்திரை ஏன், எத்தனை ஆண்டு, துன்பம் வந்தால் யாது செய்வது என்பவற்றை எளிய தமிழில் ஒரு சிறு துண்டுநூலாக எழுதுதல் வேண்டும். மருத்துவர் பார்வையிட்டுத் திருத்திய பின்னரே அதனை வெளியிடல் வேண்டும். அதில் ஃபாக்ஸ் ஏ1 என்னும் பெயரும் ஹிஸ்டோன் என்னும் பெயரும் வேண்டா. மூடிய சுவடி, கயிறு, மூடி வைத்திருக்கும் கை என்பன போதும். நம் தமிழுக்கு அவ்வளவு செய்யும் ஆற்றல் இல்லையென யாம் நம்பவில்லை. செய்யும் மனம் நமக்கு உண்டோ என்பதே வினா.

மருத்துவர் மருந்தைத் தருவர். அதனை ஐந்தாண்டும் பத்தாண்டும் தளராது உட்கொள்ளுதற்கு வேண்டிய அறிவைத் தருதல் கற்றோர் அனைவர்க்கும் பொதுக்கடன். எழுதியவற்றையெல்லாம் மாற்றுதல் மக்களால் இயலாது. திறக்கலாகாத ஏட்டைத் திறவாது காத்தல் இயலும். அதனை இன்று ஆயிரக்கணக்கான பெண்டிர் நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையால் செய்து வருகின்றனர். தாம் செய்வது இன்னதென்று அவர்கள் அறிந்து செய்யுமாறு உதவுவோமாக.